வாபஸ் வாங்கச் சொல்லி யாரும் கேட்காத வேட்பாளர்

தேர்தலில் தோற்பது எனக்குப் பழகிவிட்டது. மூன்று முறை நின்றேன். முதல் முறை இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு, அடுத்து முன்னூற்று ஐந்து, அதற்கடுத்து இருநூற்று எண்பத்தெட்டு. நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஊரில் பாதிப்பேர் நான் போட்டுக்கொடுத்த கண்ணாடியில்தான் பேப்பர் படிக்கிறார்கள். அதே கண்ணாடியோடு போய், ஓட்டு மெஷினில் என் பெயரை நன்றாகப் பார்த்துவிட்டு, வேறொருவர் பெயருக்கு எதிரே பொத்தானை அழுத்திவிட்டு வருகிறார்கள்.

"நீங்க தங்கமான மனுஷன் சார். ஆனா ஓட்டை வீணாக்க முடியாதுல்ல?" என்று என் கடை நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு சொல்வார்கள். எங்கள் தொகுதியில் இரண்டே கட்சி. ஒன்று ஆள்கிற கட்சி, மற்றது அதற்கு முன்னால் ஆண்ட கட்சி. ஐந்து வருடம் கழித்து நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். என்னைப் போன்ற சின்னக் கட்சிக்காரன் பேருந்து நிறுத்தத்தில் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அதுகூட எனக்கு வலிக்கவில்லை. வலித்தது வேறு. மனுத்தாக்கல் முடிந்த பிறகு வாபஸ் வாங்க மூன்று நாள் தருவார்கள். சின்ன வேட்பாளனுக்கு மரியாதை இருக்கிறதா இல்லையா என்பது அந்த மூன்று நாளில் தெரிந்துவிடும். உன்னால் எங்களுக்கு ஓட்டுப் பிரியும், தயவுசெய்து விலகிக்கொள் என்று பெரிய கட்சி ஆள் அனுப்பினால் நீ ஒரு ஆள். அனுப்பாவிட்டால் நீ ஓட்டு மெஷினில் ஒரு பொத்தான், அவ்வளவுதான். பதினைந்து வருடத்தில் என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் என்ன பதில் சொல்வது என்று ஒவ்வொரு முறையும் முகச்சவரம் செய்யும்போது சொல்லிப் பார்ப்பேன். "என் கொள்கையைக் கேட்டு வந்தீங்கன்னா உட்காருங்க. என் விலையைக் கேட்டு வந்தீங்கன்னா கதவு அந்தப் பக்கம்." மனைவி துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, "யார்கிட்டங்க பேசுறீங்க?" என்பாள்.

இந்த முறை கார்கள் வந்தன. என் வீட்டு வாசலில்தான் நின்றன. ஆனால் எனக்காக வரவில்லை.

எங்கள் வீட்டு மாடியில் என் சகலை குடியிருக்கிறார், அதாவது என் மனைவியின் தங்கை புருஷன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். மூன்று கார், இருபது வருடம். இந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிற கை எல்லாம் அவர் தட்டித் திருத்திய கை. பத்து மாதத்துக்கு முன் ஆரம்பித்த ஏதோ ஒரு கட்சியில் சேர்ந்து, இவரும் மனுப் போட்டார். போன தேர்தலில் ஆளும் கட்சி இங்கே ஜெயித்த வித்தியாசம் தொள்ளாயிரம் ஓட்டு. சகலையிடம் படித்தவர்களில் பாதிப்பேர் அவருக்குப் போட்டால் அந்தத் தொள்ளாயிரம் காற்றில் போய்விடும். அவர் ஜெயிக்க மாட்டார், ஆனால் யார் தோற்பது என்பதை அவர் முடிவு செய்வார். நான் பதினைந்து வருடம் தெருத்தெருவாக நடந்தும் கிடைக்காத இடம் அது. மனுஷன் கிளட்ச்சை மிதிக்கச் சொல்லிக்கொடுத்தே வாங்கிவிட்டார்.

முதல் நாள், முன்னால் ஆண்ட கட்சிக்காரர்கள் வந்தார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் என் வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன்.

"மாடிக்கு எந்தப் பக்கம் போகணும்?" என்றார்.

அன்று மட்டும் நாலு பேர் என்னிடம் மாடிக்கு வழி கேட்டார்கள். ஒருவர் செருப்பை என் வாசலில் கழற்றிவிட்டு மேலே போனார். நானும் வேட்பாளர்தான், என் படம் போட்ட நோட்டீஸ் கதவிலேயே ஒட்டியிருக்கிறது. அதில் சாய்ந்துகொண்டு ஒருவர் போன் பேசினார். மேலே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

"சாப்பிட வாங்க," என்றாள் மனைவி.

"உன் தங்கச்சி வீட்டுல கூட்டம் போடுறது முதல்ல நிக்கட்டும், காது அடைக்குது."

"அவங்க மெதுவாத்தான் பேசுறாங்க. நீங்கதான் ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டுக் கேக்குறீங்க."

ஜன்னலைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்துகொண்டேன்.

இரண்டாம் நாள் பத்து மணிக்கு ஆளும் கட்சியின் மாவட்டச் செயலாளரே வந்தார். சாதாரணமாக அவர் யார் வீட்டுக்கும் போக மாட்டார், ஆளைத் தன் வீட்டுக்கு வரவழைப்பார். மாடியில் அரை மணி நேரம் இருந்தார். பிறகு இறங்கி வந்தவர் காருக்குப் போகவில்லை. நேராக என் கதவைத் தட்டினார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மனைவி காபி போட ஓடினாள். செயலாளர் என் சோபாவில் உட்கார்ந்தார். பதினைந்து வருடமாகச் சொல்லிப் பார்த்த பதில் தொண்டையில் தயாராக நின்றது.

"சார், உங்க சகலை விஷயமாத்தான் வந்தேன்," என்றார்.

என் முகத்தில் ஈயாடவில்லை.

"அவர் என்ன சொல்றாருன்னா, நீங்க..."

"அவர் என்ன வேணாலும் சொல்லட்டும்," என்று நான் குறுக்கே விழுந்தேன். மேற்கொண்டு கேட்க எனக்குப் பொறுமையில்லை. என்னை விலகச் சொல்ல வரவில்லை, அவரை விலக வைக்கத் தூது போகச் சொல்ல வந்திருக்கிறார். இதைவிட ஒருவனை எப்படி அவமானப்படுத்த முடியும்? "அவரை வழிக்குக் கொண்டுவர என்கிட்ட எதுக்கு சார் வர்றீங்க? தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி மைதானத்துல இருபது வருஷமா வண்டி ஓட்டக் கத்துக்குடுக்கிறாரே, அந்த இடத்துக்கு எழுத்துல ஒரு அனுமதி இருக்கான்னு கேட்டுப் பாருங்க. எல்லாம் வாய்வார்த்தை. கேட்டைச் சாத்தினா மனுஷன் எங்க போவார்?"

சொல்லி முடித்ததும்தான் மனைவி காபி டம்ளரோடு நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தேன். இந்த மைதான விஷயம் சகலை எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து, எங்கள் இரண்டு பேரிடம் மட்டும் சொன்னது. செயலாளர் வேறு எதையும் கேட்கவில்லை. காபியை முழுவதும் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மைதானத்து கேட்டில் புதுப் பூட்டு. நகராட்சி இடம், அனுமதியின்றி நுழையக் கூடாது என்று ஒரு பலகை. நாற்பது பேருக்கு அடுத்த வாரம் லைசென்ஸ் டெஸ்ட். மூன்று காரும் எங்கள் தெருவில் வரிசையாக நின்றன, கற்றுக்கொள்ள வந்தவர்கள் அவற்றில் சாய்ந்துகொண்டு நின்றார்கள். சகலை யார் யாருக்கோ போன் செய்துகொண்டு மேலும் கீழுமாக நடந்தார். வாபஸ் வாங்கினால் மதியத்துக்குள் பூட்டுத் திறக்கும் என்று யாரோ சொன்னார்களாம். பன்னிரண்டு மணிக்குத் தேர்தல் அலுவலகம் போனார்.

ஒரு மணிக்குத் திரும்பியவர் மாடிக்குப் போகாமல் என் வீட்டுக்குள் வந்தார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"முடிஞ்சுதுண்ணே. கையெழுத்துப் போட்டுட்டேன்."

"அடடா," என்றேன். உண்மையைச் சொல்கிறேன், உள்ளுக்குள் ஒரு நிமிடம் குளிர்ந்தது.

"நான் நின்னதே தப்பு. ரெண்டு பேர் நின்னா நமக்குள்ளதான் ஓட்டுப் பிரியும். எங்கிட்டப் படிச்சவங்களை உங்களுக்குப் போடச் சொல்லிட்டேன். நோட்டீஸ் ஒரு கட்டுக் குடுங்க, வண்டியில வெச்சுக்கிறேன்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "ஒண்ணு கேக்கணும்ணே. நேத்து செயலாளர்கிட்ட நீங்க என்ன சொன்னீங்க?"

"ஏன்?" என்றேன்.

"நான்தானே அவரை உங்ககிட்ட அனுப்பினேன். வந்தவங்க எல்லார்கிட்டயும் ஒண்ணுதான் சொன்னேன். கீழ அண்ணன் மூணு தடவை நின்னவர், எனக்கு அரசியல்ல என்ன தெரியும், அவரைக் கேளுங்க. அவர் விலகுன்னா விலகுறேன், நில்லுன்னா நிக்கிறேன்னு. மத்தவங்க எல்லாம் சிரிச்சிட்டுப் போயிட்டாங்க. இவர் ஒருத்தர்தான் மதிச்சு இறங்கினார். நீங்க அவர்கிட்ட என்னை நிக்கச் சொன்னீங்களா, விலகச் சொன்னீங்களா?"

மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

"நிக்கத்தான் சொன்னேன்," என்றேன்.

சகலை தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "அதான் தெரியுமே! நீங்க விலகச் சொல்லியிருந்தா அவங்க ஏன் பூட்டுப் போடப் போறாங்க?" என்றவர் வாசலுக்குப் போய் மாடியைப் பார்த்துக் கத்தினார். "ஏய், கேட்டுக்கோ! அண்ணன் நம்மளை நிக்கத்தான் சொல்லியிருக்கார்! நீ காலையிலேருந்து அவர்தான் மைதான விஷயத்தைச் சொல்லிக்குடுத்திருப்பார்னு பாவத்தைக் கட்டிக்கிட்டியே!"

மேலேயிருந்து என் மைத்துனியின் குரல் தழுதழுத்துக்கொண்டு வந்தது. "மாமா, என்னை மன்னிச்சிருங்க மாமா. வேற யாருக்கும் தெரியாத விஷயம்னு புத்தி கெட்டு நெனச்சுட்டேன். அக்கா, நீ மேல வாயேன், உன்கிட்டயும் சொல்லணும்."

சகலை நோட்டீஸ் கட்டை அணைத்துக்கொண்டு படியேறினார். அப்போதுகூட அந்த மனுஷன் மேல் எனக்குப் பொறாமைதான் வந்தது. என்னைப் பற்றி இவ்வளவு நல்லபடியாக நினைக்க அவரால் முடிகிறதே என்று.

"அக்கா!" என்று மறுபடியும் கூப்பிட்டாள்.

என் மனைவி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கையில் ஈரமே இல்லை.

"நான் அவ முகத்துல எப்படிங்க முழிப்பேன்?" என்றாள்.