கையோடு கழன்று வரும் போல்ட்

ஹால் ஜன்னல் வழியாகத்தான் ஜெயசெல்வி முதலில் பார்த்தாள். தரையில் இன்னாசிராஜ் குப்புறக் கிடந்தான். முகம் பாயில் புதைந்திருந்தது. ஒரு கால் நேராக நீண்டிருக்க, இன்னொன்று முழங்காலில் மடங்கி ஒதுங்கிக் கிடந்தது. மேலே ஃபேன் ஓடியது. அவன் அசையவில்லை. அவள் கையிலிருந்த காய்கறிப் பை நழுவி, தக்காளிகள் குவார்ட்டர்ஸ் படியில் ஒவ்வொன்றாக இறங்கி உருண்டன. சாவியைத் துவாரத்தில் நுழைக்கப் பார்த்தாள். கதவு பூட்டப்படவே இல்லை என்பது தோளால் மோதியபோதுதான் தெரிந்தது.

"என்னங்க!"

அது அவளுக்கே தன் குரலாகத் தோன்றவில்லை. அவன் தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தான். நெஞ்சுக்கு அடியில் நீளமான கறுப்புக் குடை ஒன்று இருந்தது.

"ஏன் செல்வி இப்படிக் கத்துற? படுத்துக்கினு சுடறப்ப தோள் எங்க வருதுன்னு பாத்துக்கினு இருக்கேன்."

உள்ளறையிலிருந்து மெர்லின் தையல் டேப்போடு வந்தாள். "அப்பா கை நீளந்தாம்மா எனக்கும். அதான் அப்பாவ வச்சே அளந்துடலாம்னு பாத்தோம். நீ என்னமோ திருடனப் பாத்த மாதிரி நிக்கிற."

ஜெயசெல்வி வெளியே போய்த் தக்காளிகளைப் பொறுக்கினாள். பொறுக்கி முடித்த பிறகும் குனிந்தபடியே இருந்தாள். நிமிர்ந்தால் முகத்தைப் பார்த்துவிடுவார்கள்.

மெர்லினுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கைக்கு வந்ததிலிருந்து வீடு இப்படித்தான் இருந்தது. கல்லூரியில் என்.சி.சி.யில் தொடங்கிய பழக்கம், மாநில அளவில் பதக்கம் வாங்கும் வரை வந்துவிட்டது. இதுவரை கிளப்பின் பழைய ரைபிளில்தான் சுட்டாள். பலர் தோளில் ஏறி இறங்கிய ரைபிள் அது. தோளில் பொருத்தும் மரக்கட்டை அவளுக்குக் குட்டை, அதனால் கழுத்தைக் குறுக்கிக்கொண்டே சுட வேண்டியிருந்தது. அடுத்த சுற்றுக்குச் சொந்த ரைபிள் இல்லாமல் ஆகாது என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இன்னாசிராஜ் போனை எடுத்தால் அதில் ரைபிள்தான். பாயிண்ட் டூ டூ, போல்ட் ஆக்ஷன், ஜெர்மன்காரன் செய்தது, செக் நாட்டுக்காரன் செய்தது. ஷிப்ட் முடித்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் மகளோடு உட்கார்ந்து பேசினான். குளிக்கும்போது பாடினான். பார்த்தவர்கள், மனுஷன் பழையபடி ஆகிவிட்டான் என்று சந்தோஷப்பட்டார்கள்.

ஜெயசெல்விக்குத்தான் அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்கப் பயம் கூடியது.

முன்பு, மெர்லினின் முதல் மாநிலப் போட்டியைப் பார்க்கச் சென்னை போவதற்காக இன்னாசிராஜ் ஷிப்ட் மாற்றிக்கொண்டான். மாற்றிக்கொடுத்தவன் தங்கராசு. குறிஞ்சிப்பாடிக்காரன், சுரங்கத்தில் பல வருஷம் ஒரே கேங்கில் வேலை செய்தவன். "பொண்ணு சுடறதப் போய்ப் பாருண்ணே, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னான். இவனுக்குப் பதிலாக அந்த ஷிப்டைப் பார்த்துவிட்டு பைக்கில் வீட்டுக்குப் போகும்போது, விளக்கில்லாமல் ரோட்டோரம் நின்ற லாரியில் மோதினான். மெர்லின் கழுத்தில் பதக்கத்தோடு இவர்கள் திரும்பிக்கொண்டிருந்த பஸ்ஸிலேயே செய்தி வந்துவிட்டது. இன்னாசிராஜ் அன்று அழவில்லை. அடக்கத்துக்குப் போனான், மண் போட்டான், வந்தான். அதன் பிறகு வேலைக்குப் போவதும் வருவதும் சாப்பிடுவதும் எல்லாம் நடந்தன. பேச்சு மட்டும் நின்றுபோனது.

போன மழைக்காலத்தில் ஒரு மாலை அவன் வீடு திரும்பவில்லை. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான். ஜெயசெல்வி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தேடினாள். கோயிலில் இல்லை, மெயின் பஜாரில் இல்லை. கடைசியில் சுரங்கத்தை மேலிருந்து பார்க்கும் இடத்துக்குப் போனாள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்திருந்தான். அவன் காலுக்குக் கீழே பெரும் பள்ளம். அடியில் இயந்திரங்களின் விளக்குகள் எறும்புக் கண்போல மினுங்கின. கூப்பிட்டால் திடுக்கிட்டுவிடுவானோ, கூப்பிடாவிட்டால் என்ன ஆகுமோ என்று அவள் நின்ற அந்தக் கொஞ்ச நேரம் இன்னும் அவள் உடம்பைவிட்டுப் போகவில்லை.

"என்னங்க, மழ வருது. வூட்டுக்குப் போலாம்" என்றாள், கடைத்தெருவில் கூப்பிடுவது போல.

அவன் எழுந்து வேலி தாண்டி வந்து வண்டியில் பின்னால் உட்கார்ந்தான். அதைப் பற்றி இருவரும் அதன் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. மெர்லினுக்கும் தெரியாது. ஜெயசெல்வி மெயின் பஜார் மருந்துக்கடை ஒன்றில் வேலை பார்ப்பவள். அவனுடைய பிரஷர் மாத்திரை அட்டையைத் தன் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு காலையில் ஒன்று மட்டும் எடுத்துக் கொடுத்தாள். வீட்டில் ஆபத்து என்று அவளுக்குப் பட்ட பொருட்களை ஒவ்வொன்றாக அப்புறப்படுத்தினாள். நடுப்பகலில் போன் போட்டு, "பால் வாங்கினீங்களா?" என்று கேட்பாள். பால் அல்ல, குரல்தான் வேண்டும்.

இத்தனையும் செய்து வைத்திருக்கும் வீட்டுக்குள் இப்போது ஒரு துப்பாக்கி வரப்போகிறது. அதைத் தேடித் தேடிப் பார்ப்பவனும் அவன்தான். அவன் பாட்டு அவளைத் தேற்றவில்லை. "நல்லாத்தாங்க இருந்தாரு, அன்னிக்கும் சிரிச்சுக்கினுதான் பேசினாரு" என்று கணவனைப் பறிகொடுத்துவிட்டுக் கடைக் கவுன்ட்டரில் நின்று சொன்ன பெண்கள் சிலரின் முகங்களை அவள் மறக்கவில்லை.

சமையலறையில் மகளைத் தனியாகப் பிடித்தாள். "ரைபிள கிளப்புலயே வச்சுட்டா என்னம்மா? அங்க இரும்பு ரூம் இருக்குன்னு சொன்னியே."

"கிளப்பு என்ன பக்கத்து பிளாக்குலயா இருக்கு? தினம் போய் வர முடியுமா? வூட்டுல தெனமும் புடிச்சுப் பழகணும்மா. குண்டு இல்லாம சும்மா ட்ரிக்கர் அழுத்திப் பழகுறதுதான் பாதிப் பயிற்சியே." மெர்லின் அவளை உற்றுப் பார்த்தாள். "உனக்கு என்ன பயம்?"

ஜெயசெல்வி வெளியே எட்டிப் பார்த்தாள். ஹாலில் இன்னாசிராஜ் ஏதோ வீடியோவில் யாரோ இங்கிலீஷில் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். "திருட்டுப் பயந்தான்" என்றாள் ஜெயசெல்வி. மெர்லின் சிரித்துவிட்டு, வறுத்த கடலையை ஒரு கை அள்ளிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை மூவரும் சென்னை போனார்கள். துப்பாக்கிக் கடை ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. இரும்புக் கதவு, அதற்குள் இன்னொரு கதவு. ஜெயசெல்வி இப்படி ஓர் இடத்தைக் கண்டதில்லை. சுவரெல்லாம் கண்ணாடி அலமாரி. உள்ளே எண்ணெய் மணக்க நிமிர்ந்து நின்ற துப்பாக்கிகள். முதலில் கணவன் முகத்தைத்தான் பார்த்தாள். கல்யாண வீட்டில் நகை பார்ப்பவன் போல ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்துக்கொண்டு போனான். அவன் கை எதற்கும் போகவில்லை. பேன்ட் பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது.

கடைக்காரர் பழனிசாமி மேஜைமேல் பச்சைத் துணி விரித்து இரண்டு ரைபிள்களை வைத்தார். "ரெண்டும் ஃபேக்டரியிலருந்து அப்படியே வர்றது. நாங்க எதுவும் கை வைக்கல. பாப்பாவே புடிச்சுப் பாக்கட்டும்."

மெர்லின் முதலாவதை எடுத்தாள். கன்னம் சாயும் கட்டையை ஏற்றி இறக்கலாம், தோளில் பதியும் முனையை நீட்டிக் குறுக்கலாம். அங்கேயே பாய் விரித்துப் படுத்துப் பார்த்தாள். எழுந்தபோது முகம் மலர்ந்திருந்தது. "இதாம்மா. எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. கழுத்தே வலிக்கல." இரண்டாவது எளிமையானது. மரக் கட்டை, ஏற்றி இறக்க ஒன்றுமில்லை, கொஞ்சம் கனம். அதில் அவள் அவ்வளவாக நேரம் செலவழிக்கவில்லை.

"போல்ட் எப்படிங்க கழட்டறது?" என்று இன்னாசிராஜ் கேட்டான். கடைக்குள் வந்து அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

பழனிசாமி முதல் ரைபிளைத் தொட்டுக் காட்டினார். "இந்த மாடல்ல அத அடிக்கடி கழட்ட மாட்டாங்க சார். ரெண்டு ஸ்க்ரூ எடுக்கணும், திரும்ப மாட்டறது கொஞ்சம் சள்ள." பிறகு இரண்டாவதை எடுத்து, பக்கத்தில் ஒரு குமிழை அழுத்திப் பின்னால் இழுத்தார். விரல் நீளத்தைவிடக் கொஞ்சம் பெரிய பளபளப்பான இரும்புத் தண்டு அவர் கையோடு வந்துவிட்டது. "குண்ட உள்ள தள்ளிப் பூட்டறதே இதுதான். இதுல அவ்வளவுதான் வேல."

"அது இல்லன்னா?"

"அது இல்லன்னா இது வெறும் கட்ட சார். சுடாது."

"அப்ப இது போதும்" என்றான் இன்னாசிராஜ்.

மெர்லின் திரும்பினாள். "என்னப்பா? அதான் எனக்கு செட்டாவுதுன்னு சொல்றேன்ல. சுடப்போறது நானா நீயா?"

"இது நல்லாத்தான் இருக்கும்மா."

"எதுனால நல்லாருக்கு? சொல்லு. எத்தன நாளா வீடியோ பாத்த, அந்த மாடலத்தான பெஸ்ட்டுன்னு நீயே சொன்ன?"

 பாக்கெட்டுக்குள் இருந்த அவன் கை முஷ்டியாக மடிந்திருப்பது துணிக்கு வெளியே தெரிந்தது. கழுத்தில் வியர்வை இறங்கியது. ஏ.சி. ஓடும் அந்த அறையில் அவன் எதைக் கண்டு வியர்க்கிறான் என்று ஜெயசெல்விக்கு அப்போது புரிந்தது. இத்தனை நாளாக அவன் வீடியோக்களில் தேடியது இதைத்தானா? இல்லை, இங்கே வந்து பார்த்த பிறகுதான் இந்த நினைப்பு வந்ததா? எதுவானாலும், இவ்வளவு நாள் அவள் மட்டும்தான் பயந்துகொண்டிருந்தாள் என்பது பொய்.

"அப்பா சொல்றதையே எடுத்துக்க மெர்லின்" என்றாள்.

மெர்லின் அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். மேஜைமேல் தனியாகக் கிடந்த தண்டைப் பார்த்தாள். அவளுக்கு என்ன பிடிபட்டதோ, எவ்வளவு பிடிபட்டதோ, ஜெயசெல்வியால் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டாவது ரைபிளை எடுத்துக்கொண்டு மறுபடி பாயில் படுத்தாள். இந்த முறை வெகுநேரம் எழவே இல்லை.

"கன்னத்துக்குத் தனியா ஒரு கட்ட வாங்கிப் போட்டுக்கலாமா சார்?" என்று படுத்தபடியே கேட்டாள்.

"தாராளமா" என்றார் பழனிசாமி.

"அப்ப சரி."

மெர்லின் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது மற்ற இருவரும் கீழே டீக்கடைக்கு வந்தார்கள். இன்னாசிராஜ் டீயைக் குடிக்கவில்லை. கண்ணாடி கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தான்.

"வூட்டுக்கு வந்ததும் அந்த போல்ட்ட நீ வாங்கிக்க செல்வி. எங்க வச்சிருக்கன்னு எங்கிட்ட சொல்லாத. நான் கேட்டாலும் சொல்லாத. கோவமா கேட்டாலும்."

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போய் முடியும்வரை அவள் காத்திருந்தாள்.

"இன்னும் அந்த நெனப்பு வருதாங்க?"

"எப்பவும் இல்ல. திடீர்னு வரும். தங்கராசு எதுத்தாப்புல நின்னுக்கினு, நான் பாத்துக்கறேண்ணேன்னு சொல்ற மாதிரியே இருக்கும்." கிளாஸைக் கைக்குள் சுழற்றினான். "நீ மாத்திரைய பையில வச்சிருக்கறது எனக்குத் தெரியும். பால் வாங்கியாச்சான்னு கேப்பல்ல, அதுவும் தெரியும். நீ போன் பண்ணலன்னா எனக்கே பயமாயிருக்கும்."

அவளுக்கு அழுகை வரவில்லை.  பெஞ்சில் உட்கார்ந்தாள். "டாக்டர்ட்ட போலாம்ங்க. பிரஷர் டாக்டர் இல்ல. இதுக்குன்னு இருக்கிறவங்க."

"ஊர்ல எதுனா பேசுவாங்க."

"பேசட்டும்."

அவன் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "நீயும் உள்ள வரணும்" என்றான்.

மறு வாரமே போனார்கள். டாக்டர் இளம்வயதுப் பெண். அதிகம் பேசாமல் கேட்டுக்கொண்டார். வீட்டுக்குத் துப்பாக்கி வரப்போவதைச் சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். போல்ட்டைப் பற்றி இன்னாசிராஜே சொன்னான். "நல்லது. குண்டும் வீட்டுல இருக்க வேண்டாம், அது கிளப்போட நிக்கட்டும்" என்றார். இன்னாசிராஜ் தலையசைத்தான். மெர்லினுக்கும் அன்று சாயங்காலமே விஷயத்தைச் சொன்னார்கள். ஜெயசெல்விதான் சொன்னாள், அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.  மெர்லின் அப்பாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

காகித வேலைகள் முடிந்து ரைபிள் வீட்டுக்கு வர நாளாயிற்று. வந்த அன்று ஜெயசெல்வி போல்ட்டைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினாள். அரிசி டின், புடவைகளுக்கு அடியில், மாதா படத்துக்குப் பின்னால். ஒவ்வொன்றும் அவனும் கைவைக்கிற இடம். எத்தனையோ வருஷம் ஒன்றாக வாழ்ந்த வீட்டில் ஒருவருக்குத் தெரியாத மூலை ஒன்றுகூட இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கடைசியில் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மருந்துக்கடையில் நிற்கும்போதும் கோயிலில் முழங்காலிடும்போதும் அந்தக் கனம் தோளில் தொங்கியது.

சாயங்காலம் மெர்லின் ஹாலில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து ரைபிளைத் தோளில் பொருத்தினாள். "போல்ட் குடும்மா."

இன்னாசிராஜ் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே எழுந்து பின்பக்கம் போனான். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ஜெயசெல்வி கைக்குட்டையை அவிழ்த்துக் கொடுத்தாள். மெர்லின் மூச்சை அடக்கிக்கொண்டு சுவரில் ஒட்டிய கறுப்புப் புள்ளியைக் குறிபார்த்தாள்.

டக்.

வெறும் இரும்புச் சத்தம். மறுபடி போல்ட்டை ஏற்றினாள், இறக்கினாள். டக். பின்னால் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. பக்கெட் நிரம்பியிருக்க வேண்டும். நிரம்பி வழிந்திருக்க வேண்டும். ஆனாலும் குழாய் மூடப்படவில்லை.

ஜெயசெல்வி ஓடவில்லை. ஓடக் கூடாது என்று கால்களுக்குச் சொல்லிக்கொண்டே பின்வாசலுக்குப் போனாள். குழாயடியில் இன்னாசிராஜ் நின்றிருந்தான். பக்கெட் விளிம்பெல்லாம் வழிந்து, சிமென்ட் தரையெங்கும் தண்ணீர்.

"ரொம்பி வழியுதுங்க."

"தெரியுது" என்றான். குழாயை மூடவில்லை. "உள்ள சத்தம் கேக்குது. அதான்."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி அவன் பக்கத்தில் நின்றாள். தண்ணீர் சில்லென்று இருந்தது. உள்ளே மறுபடி டக் என்றது. இருவருக்கும் ஒரே நேரத்தில் தூக்கிவாரிப் போட்டது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் அடுத்த சத்தத்துக்காக நின்றார்கள். தண்ணீர் அவர்கள் கால்களைச் சுற்றிக்கொண்டு கொய்யா மரத்தடியை நோக்கி ஓடியது.