வாசல் எண்

அமெரிக்காவின் உள்ளரங்கக் கால்பந்தில் ஆட்டம் நான்கு பகுதிகளாக நடக்கும். மூன்றாவது பகுதி முடிந்ததும் அறிவிப்பாளர், இன்று வந்திருப்பவர்கள் இத்தனை பேர் என்று ஓர் எண்ணைச் சொல்வார். ஃபோர்ட் வேய்ன் ஹெரன்ஸ் அணியில் அந்த எண்ணை எழுதிக் கொடுப்பவன் வெண்டல் கிரௌஸ். அந்த ஞாயிறு பிற்பகலில் அவன் கொடுத்த எண் நாலாயிரத்துச் சொச்சம். ஒலிபெருக்கியில் அது வந்ததுமே கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"மிச்சப் பேரெல்லாம் கக்கூஸ்லயா இருக்காங்க?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வெண்டலும் சிரித்தான். அந்த எண்ணைப் பற்றி அவனுக்கு உறுத்தல் எதுவும் கிடையாது. அறிவிக்கும் எண் என்பது வந்தவர்களின் எண்ணிக்கையே அல்ல. வெளியே போன டிக்கெட்டுகளின் எண்ணிக்கை. விற்றது, விளம்பரதாரர்களுக்குக் கொடுத்தது, பத்துப் புத்தகம் படித்த பள்ளிக் குழந்தைகளுக்குப் பரிசாக அனுப்பியது எல்லாம் அதில் சேரும். ஒரு குழந்தை தன் டிக்கெட்டைக் காந்தம் வைத்து ஃப்ரிட்ஜ் கதவில் மாட்டிவிட்டு, வீட்டில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாலும் கணக்குப்படி அது வந்ததுதான். எல்லா அணிகளும் இப்படித்தான் சொல்கின்றன. கேட்கிறவர்களுக்கும் அது தெரியும்.

உள்ளுக்குள் இன்னொரு எண் உண்டு. வாசலில் டிக்கெட்டின் கோடுகளைக் கருவி படிக்கும்போது 'பீப்' என்று சத்தம் வருமே, அந்தச் சத்தங்களின் கூட்டுத்தொகை. வாசல் எண் என்பார்கள். அது செய்தித்தாளுக்குப் போகாது. அரங்க அலுவலகத்துக்கும், எல்லா அணிகளையும் சேர்த்துப் போட்டி நடத்தும் லீகுக்கும் மட்டும் போகும். எத்தனை காவலர்கள் வேண்டும், எத்தனை பேர் துடைத்துப் பெருக்க வேண்டும், எத்தனை பீப்பாய் பீர் இறக்க வேண்டும் என்பதையெல்லாம் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அறிவிக்கும் எண்ணில் யார் வேண்டுமானாலும் கொஞ்சம் காற்றடிக்கலாம். வாசல் எண்ணில் யாரும் கை வைப்பதில்லை.

வெண்டல் வைத்திருந்தான்.

அடுத்த ஆட்டப் பருவத்திலும் போட்டியில் இடம் வேண்டுமானால் வாசல் எண்ணின் சராசரி மூவாயிரத்தைத் தொட வேண்டும் என்று லீக் சொல்லியிருந்தது. உண்மையில் இரண்டாயிரத்து நானூறு பேரைச் சேர்ப்பதே பெரும்பாடாக இருந்தது. கிழக்கு வாசலில் கருவி அடிக்கடி படுத்துவிடும். அங்கே டிக்கெட்டைக் கையால் கிழித்து, துண்டுகளை ஒரு வாளியில் போடுவார்கள். "அந்த வாளிய கொஞ்சம் தாராளமா எண்ணுப்பா" என்றான் அணியின் மேலாளர் பிரென்ட். குளிர்காலம் தொடங்கியதிலிருந்து வெண்டல் ஆட்டத்துக்குத் தொள்ளாயிரம் பேரைக் கூட்டி எழுதினான். இதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை என்றுதான் நினைத்திருந்தான்.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, அரங்கின் தின்பண்டக் கடைகளைப் பார்த்துக்கொள்ளும் ரோஸான் டிப்பெல் அவன் அறைக்கு வந்தார். கையில் காகிதத் தட்டில் இரண்டு கோனி டாக்; ரொட்டிக்குள் சாஸேஜ் வைத்து, மேலே இறைச்சிக் குழம்பும் வெங்காயமும் போட்டது.

"சாப்பிடு. மிச்சமாயிருச்சு. இப்பல்லாம் மிச்சம்தான்."

"வெங்காயம் தூக்கலா இருக்கே."

"பரவால்ல, யாரு உனக்கு முத்தம் குடுக்கப் போறா?" என்றபடி உட்கார்ந்தார். சிரிக்கவில்லை. "ஒண்ணு கேக்கணும் வெண்டல். உன் வாசல் எண்ணு சரிதானா?"

அவன் வாயைத் துடைத்துக்கொண்டான். "ஏன்?"

"ஃபெரிஸ் கூப்பிட்டனுப்பினார்." ஃபெரிஸ் அரங்கத்தின் நிர்வாகி. "கடை வசூல உன் எண்ணால வகுப்பாங்க, தெரியும்ல? போன வருஷம் தலைக்கு ஒம்பது டாலர் செலவு பண்ணாங்க. இந்த வருஷம் ஆறரை. உங்க ஆளுங்கள்ல யாரோ திருடுறாங்க, நீங்களே கண்டுபிடிங்க, இல்லாட்டி நான் கண்டுபிடிப்பேன்ங்கறார்."

"கப்பெல்லாம் எண்ணிப் பாத்தீங்களா?"

பீப்பாயை வைத்து பீர் விற்பனையைக் கணக்கிட முடியாது. எவ்வளவு நுரையாகப் போனது என்று யாருக்கும் தெரியாது. அதனால் காலி கப்புகளைத்தான் எண்ணுவார்கள். எத்தனை கப் குறைந்திருக்கிறதோ அத்தனை பீர் விற்றிருக்கிறது.

"எண்ணாம இருப்பேனா? கப்பு சரியா இருக்கு. அதான் இன்னும் மோசம். கப்பு சரியா இருந்து வசூல் குறைஞ்சா, வெளியிலருந்து சொந்தக் கப்பு கொண்டாந்து ஊத்தி விக்கிறாங்கன்னு அர்த்தம். எல்லாருக்கும் தெரிஞ்ச திருட்டு அது." ரோஸான் தட்டை அவன் பக்கம் தள்ளினார். "வெள்ளிக்கிழமை ஜோலீன வேலையவிட்டு நிறுத்திட்டேன்."

ஜோலீன் பீர் கடையில் நெடுநாளாக நிற்பவள். ரோஸானும் அவளும் செவ்வாய்தோறும், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங்கை ஒரே அணியில் ஆடுவார்கள்.

"ஜோலீனா?"

"புதுசா வண்டி வாங்கியிருக்கா. ஏதுடி காசுன்னேன். மாமியார் செத்து வந்த பணம்னா. நான் நம்பல. பையத் திறந்து காட்டுன்னேன், அத்தன பேர் முன்னாடி. அவ காட்டல, கவுன்ட்டர் மேல கொட்டினா. மாத்திர, சீப்பு, பேரன் வரைஞ்ச படம் ஒண்ணு. கப்பு எதுவும் இல்ல. அப்பவும் நான் நம்பல. எண்ணு இருக்கே! எண்ணுக்குப் பொய் சொல்லி என்ன ஆகப்போகுது?"

வெண்டல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "கிழக்கு வாசல் கருவில கோளாறு இருக்கலாம்" என்றான்.

ரோஸான் விடவில்லை. "கருவி படிக்காம விட்டா எண்ணு குறையும். கூடுறது எப்படி?"

வெளியே ஆடுகளத்தில் செயற்கைப் புல்லைச் சுருட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"நான்தான் கூட்டினேன்" என்றான். "ஆட்டத்துக்குத் தொள்ளாயிரம். லீகுக்காக."

ரோஸான் கண்ணை மூடினார். உதடுகள் மட்டும் அசைந்தன. வசூலைப் புதிதாக வகுத்துப் பார்க்கிறார் என்று அவனுக்குப் புரிந்தது.

"தலைக்குப் பழைய ஒம்பது டாலரே வருது" என்றார் மெதுவாக. பிறகு, "எழுந்திரு."

ஃபெரிஸ் மாடி அறையில் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். வெண்டல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். ஃபெரிஸ் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கழற்றினார்.

"லீகுக்குச் சொல்லியாகணும். உங்க அணி இருக்காது. தெரியுதா?"

"தெரியுது சார்."

"ஆடுற பசங்களுக்கு யார் சொல்றது?"

"நான் சொல்றேன்."

வண்டிகள் நிறுத்துமிடத்தில் பனி கெட்டித்துக் கிடந்தது. ரோஸான் தன் வண்டியின் கண்ணாடியைச் சுரண்டினார்.

"ஜோலீன் வீட்டுக்குத்தானே? நானும் வர்றேன்" என்றான் வெண்டல். "தப்பு என்னோடது."

"எண்ணுதான் உன்னோடது. பையத் திறக்கச் சொன்னது நான்." சுரண்டியை உதறிவிட்டுக் கதவைத் திறந்தார். "சரி, ஏறு. தனியாப் போக எனக்குத் தெம்பில்ல."

கதவைத் திறந்த ஜோலீன் செருப்புக்குள் தடித்த காலுறை போட்டிருந்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ரோஸான் கையுறையைக் கழற்றினார், திரும்ப மாட்டிக்கொண்டார்.

"எண்ணு தப்புங்க" என்றான் வெண்டல். "நான்தான் மாத்தி எழுதினேன். நீங்க எதுவும் எடுக்கல."

"நான் எடுக்கலன்னு எனக்கு நீ வந்து சொல்லணுமாக்கும்" என்றாள் ஜோலீன். அவள் பார்வை ரோஸானைவிட்டு அகலவில்லை. "இவளுக்குத்தான் அது தெரியணும்."

அவள் உள்ளே வரச் சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. வீட்டுக்குள்ளிருந்த சூடெல்லாம் அவர்களைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருந்தது.