கல்மண்டபத்துச் சிவப்பு

ஆறென்றாலே எனக்குப் பயம். என் வீட்டுக்காரர் மகேஸ்வரனுக்கோ ஆறில்லாமல் ஞாயிற்றுக்கிழமை விடியாது. பிரெஞ்சுக்காரர்கள் வரைந்த ஆற்றங்கரைப் படங்கள் போட்ட காலண்டர் ஒன்றை யாரோ கொடுக்க, வங்கியில் ஒழுங்காகக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. "தெரிஞ்சத வரையப்படாது சுந்தரி, கண்ணுல விழுற வெளிச்சத்தத்தான் வரையணும்" என்பார்.

தொண்ணூற்று நாலு ஐப்பசியில் ஒரு ஞாயிறு, வண்ணார்பேட்டைக்குக் கீழே ஆற்றுக்குள் நிற்கிற கல்மண்டபத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். மதியம் தாண்டியும் வரவில்லை. தூக்குவாளியில் சோற்றை எடுத்துக்கொண்டு, திட்டிக்கொண்டே முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போனேன். தெளிந்த தண்ணீர். அடியில் என் கால் மெட்டி தெரிந்தது.

படம் கிட்டத்தில் ஒரே தீற்றலாக இருந்தது.

"ஏளா, அங்கன தள்ளி நின்னு பாரு" என்றார்.

மண்டபத்துப் படியில் இறங்கி, கணுக்கால் தண்ணீரில் நின்று பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. அக்கரை மருதமரங்கள் ஈரமாக, மங்கலாக நின்றன. தண்ணீர் முதலில் சாம்பல், பிறகு பழுப்பு, கடைசியாகப் பூசிய இடத்தில் நல்ல சிவப்பு.

"வெயில் விழுந்தாப்ல இருக்கு" என்றேன்.

"ஆமா, இப்பதான் மாறுது. அது மாற மாற நானும் கலரை மாத்திக்கிட்டே வாரேன்" என்றார் பெருமையாக.

நிமிர்ந்து பார்த்தேன். வானத்தில் வெயிலே இல்லை. மேற்கே மலை இருந்த இடம் கறுத்துக் கிடந்தது. குனிந்தேன். மெட்டி தெரியவில்லை, பாதமும் தெரியவில்லை. செந்தண்ணீர் முழங்காலுக்கு ஏறியிருந்தது.

"அது வெயில் இல்லங்க, வெள்ளம். எந்திரிங்க" என்றேன்.

எழுந்தார். ஆனால் ஒரு கையால் படத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, மறு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். பாதி வழியில் தண்ணீர் மார்புக்கு வந்தது. எதுவோ கிளை உருண்டு வந்து இடித்ததில் எனக்குக் கால் பாவவில்லை. அவர் விரல்கள் வழுக்கிக்கொண்டே போயின. செத்தேன் என்றுதான் நினைத்தேன். அப்போது அவருடைய இரண்டு கைகளும் என்னைப் பிடித்தன.

கரையேறித் திரும்பிப் பார்த்தோம். மண்டபத்துத் தூண்கள் பாதி முங்கியிருந்தன. படம் முகம் மேலாக மிதந்து போயிற்று. கொஞ்ச தூரம் போனதும் அது எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. அவர் பூசிய சிவப்பும் ஆற்றுச் சிவப்பும் ஒன்றுதான்.

"கலரை சரியாத்தான் பிடிச்சிருக்கேன்" என்றார், பற்கள் தந்தியடிக்க.

முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். வைத்த கை அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டது. வீடு வந்து சேரும்வரை அதை விடுவிக்க என்னால் முடியவில்லை.