காலி செய்த பின் முகவரி

தபால்காரர் பதினோரு மணிக்கு வருவார். அதனால் பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஜெயகணேஷ் வீட்டை விட்டு நகர மாட்டான். எவன் கூப்பிட்டாலும் சரி, எது கவிழ்ந்தாலும் சரி, அந்த இரண்டு மணி நேரம் இருபத்தோராம் பிளாக் குவார்ட்டர்ஸின் இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஒரு வருடமாக இதே கூத்துதான்.

அவன் அப்பா இசக்கிமுத்து போன வருடம், இரண்டாயிரத்துப் பதினாறு மே முப்பத்தொன்றாம் தேதி, சுரங்க வேலையிலிருந்து ரிட்டயர் ஆனார். அன்றைக்கு அவரோடு எத்தனை பேர் மாலையும் கழுத்துமாக வீடு திரும்பினார்கள் என்கிறீர்கள்! அந்தக் காலத்து ஹெட்மாஸ்டர்கள் பள்ளிக்கூடத்தில் சேர வந்த பிள்ளைக்கெல்லாம் ஜூன் ஒன்றாம் தேதியைப் பிறந்தநாளாக எழுதிவிட்ட புண்ணியம், நெய்வேலியில் மே கடைசி வந்தால் தெருவுக்கு நாலு வீடு காலியாகும். அப்பாவும் அம்மாவும் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு சங்கரன்கோவில் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். ஒரு இரும்புக் கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஜெயகணேஷ். இவ்வளவும்தான் அந்த வீட்டில் மிச்சம்.

எதற்காக அவன் மட்டும் மிச்சம்? அட்ரசுக்காக. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் டிரெய்னியாக இருந்தான். ஆர்டர் குறைந்தது என்று ஒரே நாளில் அறுபது பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள், அதில் இவனும் ஒருவன். திரும்பி வந்த சூட்டோடு இங்கே சுரங்கக் கம்பெனியின் என்ஜினியர் வேலைக்கு எழுதிப் போட்டான். விண்ணப்பத்தில் இந்தக் குவார்ட்டர்ஸ் முகவரி. தேர்வுக்குக் கூப்பிடும் கால் லெட்டர் வந்தால் இங்கேதானே வரும்? வரும்போது கதவு பூட்டிக் கிடந்தால்?

அந்தப் பயம் அப்பா ஊட்டியது. எண்பத்து மூன்றில் அவருக்குக் கால் லெட்டர் வந்தபோது அவர் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாராம். இரண்டு நாள் ஆள் இல்லையென்று திருப்பி அனுப்ப இருந்த தபால்காரரை மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டில் வைத்து மறித்து வாங்கினாராம். அந்த ஒரு காகிதத்தில் முப்பத்து மூன்று வருடச் சம்பளம், வீடு, ஆஸ்பத்திரி, இவன் படிப்பு எல்லாம். இவன் பால் குடித்துக் கொண்டிருந்த காலத்திலிருந்து கேட்ட கதை. அதனால்தான் கெஞ்சிக் கூத்தாடி, அதிகாரிகள் வீட்டு வாசலில் காத்துக் கிடந்து, குவார்ட்டர்ஸை இந்த மே முப்பத்தொன்று வரை வைத்துக்கொள்ள அப்பா அனுமதி வாங்கினார். தினம் ராத்திரி எட்டு மணிக்கு ஊரிலிருந்து போன் வரும். கேள்வி ஒன்றே ஒன்று.

“லெட்டர் வந்துச்சால?”

“இன்னும் இல்லப்பா.”

“வீட்ட விட்டு நவுந்துராத, என்ன?”

அவ்வளவுதான், வைத்துவிடுவார். சாப்பிட்டாயா என்று கேட்க அம்மாவுக்குப் போனைக் கொடுக்கவும் மறந்துவிடுவார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்று ஒன்று கிடையாது. போனில் சொல்லும் அந்த ஒரு பதிலைத் தவிர நாலு நாள் சேர்ந்தாற்போல் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, ஐந்தாம் நாள் கடையில் பால் கேட்டபோது தன் குரலே அவனுக்குக் கரகரவென்று அந்நியமாக இருந்தது. அழுகை வந்துவிட்டது. பாலை வாங்காமலே திரும்பினான்.

சும்மா இருந்தானா என்றால் அதுவும் இல்லை. வீட்டை வைத்துக்கொள்ள அப்பாவோடு ஆபீஸ் ஆபீசாக அலைந்த அலைச்சலில் அவனுக்கு அந்த வித்தை தெரிந்துவிட்டது. குவார்ட்டர்ஸை விட்டுப் போவது லேசான காரியமா? ஆஸ்பத்திரி புத்தகம் ஒப்படைக்க வேண்டும், லைப்ரரி கார்டு ஒப்படைக்க வேண்டும், மீட்டர் எழுத வேண்டும், கேஸ் மாற்ற வேண்டும். சிவில் பிரிவு ஆட்கள் வந்து குழாய், தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி என்று ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். ஒரு கையெழுத்து குறைந்தாலும் பாக்கி இல்லை என்கிற ‘நோ டியூஸ்’ சான்று கிடைக்காது. முப்பது வருடம் ராட்சத மெஷினை ஓட்டிய மனுஷன்கூட இந்தப் படிவத்துக்கு முன்னால் முழிப்பார். முதலில் அடுத்த வீட்டுத் தனபாக்கியம் அக்கா கூப்பிட்டார். பிறகு அவர் சொல்லி இன்னொருவர். காலை பத்துக்கு முன்னும் மதியத்துக்கு மேலும் இவன் போவான். எந்தச் சாமானை முதலில் ஏற்றுவது, பீரோவை எப்படிப் படுக்க வைப்பது, எந்த கிளார்க் எந்த நேரத்தில் சிடுசிடுப்பார் எல்லாம் இவனுக்கு அத்துப்படி. வருடத்தில் முப்பத்தெட்டு வீடு ஆகியிருந்தது.

காசு கொடுத்தால் வாங்க மாட்டான். “நான் என்ஜினியர்க்கா” என்பான், என்னமோ என்ஜினியர் காசு வாங்கினால் கை வெந்துவிடும் போல. அதனால் போகிறவர்கள் எல்லாரும் எடுத்துப் போக முடியாததை அவன் தலையில் கட்டினார்கள். முக்கியமாகத் துளசி. லாரியில் ஏற்றினால் வாடும், குப்பையில் போட மனசு வராது. தம்பி, நீ தண்ணி ஊத்துவியே! இப்படியாக ஒற்றை ஆள் இருந்த அந்த வீட்டைச் சுற்றி இருபத்தாறு துளசித் தொட்டிகள்.

சாமான் ஏற்றும் குட்டி யானை வண்டி பக்கத்து ஊர் வடக்குத்து தனகோட்டியுடையது. அவர் பலமுறை கேட்டுவிட்டார்.

“இன்னா தம்பி, ஓயாம ஓசியில தூக்கிகினு இருக்க? எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், அந்த ஆபீஸ் பேப்பரப் பாத்தா கை நடுங்குது. நீ பேப்பர் பாரு, நான் வண்டி பாக்கறேன். ரெண்டு பேரும் சேந்து செய்யலாம். ஷெட்டுக்குப் பின்னால ரூம்பு சும்மாதான் கெடக்குது.”

“லெட்டர் வந்துரும்ண்ணே.”

“வருட்டும், வருட்டும்” என்று தனகோட்டி பீடியைப் பற்றவைப்பார்.

மே இருபத்தெட்டும் வந்துவிட்டது. இன்னும் மூன்று நாளில் வீட்டை ஒப்படைக்க வேண்டும், லெட்டர் வந்தபாடில்லை. மறுநாள் பதினோரு மணிக்குத் தபால்காரர் வெள்ளைச்சாமியைக் கேட்டிலேயே மறித்தான்.

“அண்ணே, நான் காலி பண்ணுனதுக்கு அப்புறம் கால் லெட்டர் வந்தா திருப்பிறாதீங்க. உங்ககிட்டயே வச்சிருங்க, நான் வந்து வாங்கிக்கிறேன்.”

வெள்ளைச்சாமி சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“கால் லெட்டருக்கா தம்பி இத்தினி நாளா நின்னுகினு இருந்த? நான் ஏதோ தங்கச்சிக்குக் கல்யாணப் பத்திரிக்கை எதிர்பாக்கறன்னு நெனச்சிகினு இருந்தன். இப்ப எவம்பா அதத் தபால்ல அனுப்பறான்? எல்லாம் மெயிலுதான். நான் கால் லெட்டர் குடுத்தே மூணு நாலு வருசம் ஆவுதே!”

படித்த பிள்ளைக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். மெயிலையும் அவன் தினம் இரண்டு வேளை பார்த்தான். ஆனால் பார்த்தது தன் மெயிலை. உள்ளே ஓடி, விண்ணப்பத்தின் பிரிண்ட்அவுட்டை ஃபைலிலிருந்து உருவினான். ஒரு வருடமாகச் சாமி படம் மாதிரி பத்திரமாக வைத்திருந்த காகிதம், ஒருநாளும் முழுசாகப் படித்ததில்லை. கடைசித் தேதியன்று சர்வர் திணறி, பிரவுசிங் சென்டரில் கூட்டம் பிதுங்கி, “நீ போண்ணா, நான் போட்டு விட்டுர்றேன்” என்று கடைக்கார அன்புச்செல்வன் சொன்னதை நம்பி வந்துவிட்டு, மறுநாள் பிரிண்ட்அவுட்டை மட்டும் வாங்கிக்கொண்டவன் இவன். மின்னஞ்சல் என்ற இடத்தில் அன்புச்செல்வனுடைய கடை மெயில் இருந்தது. போன் நம்பர் இவனுடையதுதான், ஆனால் பழைய நம்பர். இலவசமாக நெட் கொடுக்கிறார்கள் என்று ஊரே புது சிம் வாங்கியபோது இவனும் வாங்கி, பழையதைத் தூக்கிப் போட்டிருந்தான். அட பாவி மனுஷா!

அன்புச்செல்வன் கடைக்கு ஓடி மெயிலைத் திறந்தபோது படிக்காதவை மட்டும் மூவாயிரத்துச் சொச்சம் இருந்தன. தேடித் தேடி அன்புச்செல்வன் ஒன்றில் நிறுத்தினான். கால் லெட்டர். தேர்வு பிப்ரவரி பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை, சென்னை.

“அண்ணா, நான் வேணும்னு பண்ணலண்ணா. அன்னிக்கு எல்லாருக்கும் கடை ஐடியத்தான் போட்டுகினு இருந்தேன். உங்ககிட்ட சொல்லலாம்னு... கூட்டம்ணா.”

ஜெயகணேஷுக்கு அவனை அடிக்கக்கூடத் தோன்றவில்லை. பிப்ரவரி பன்னிரண்டு அன்று என்ன செய்தோம் என்றுதான் யோசித்தான். ஞாயிற்றுக்கிழமை தபால் கிடையாது. அதனால் அன்றைக்கு நிம்மதியாகத் துணி துவைத்து, துளசிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, மதியம் நன்றாகத் தூங்கினான். சென்னையில் அவன் நாற்காலி காலியாக இருந்த அதே நேரத்தில்.

அன்று எட்டு மணி போனுக்குக் காத்திருக்காமல் சாயங்காலமே இவனே கூப்பிட்டான். எதையும் மறைக்காமல், எதையும் மெழுகாமல், நடந்ததை நடந்தபடி சொன்னான்.

“ஒரு வருசம்” என்றார் அப்பா. “ஒரு வருசமா யார் யார் காலையோ பிடிச்சி அந்த வீட்டை வச்சிருந்தேம்ல. நீ அங்க உக்காந்து என்னல பண்ணுன?”

“முப்பத்தெட்டு வீடு காலி பண்ணிக் கொடுத்தேம்ப்பா.”

போன் பட்டென்று துண்டிக்கப்பட்டது. மறுநாள் எட்டு மணிக்கு அது அடிக்கவில்லை. எதற்கடா அடிக்கிறது என்று ஒரு வருடமாக எரிச்சலோடு எடுத்தவன், ஒன்பது மணி வரை அந்தப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உலகத்தில் தன்னைத் தேடுகிற ஒரே சத்தமும் நின்றுவிட்டது.

முப்பத்தொன்றாம் தேதி நாலு வீடுகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். நம் கதை முடிந்ததென்று படுத்துக்கொள்ள வழியில்லை, அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். விடிகாலையில் ஆரம்பித்தான். பத்து மணி அடித்தபோது பழக்கதோஷத்தில் கால் வீட்டுப் பக்கம் திரும்பியது. திரும்பிய காலை நிறுத்தி, கையிலிருந்த பீரோவின் மறுமுனையைத் தூக்கினான். பதினோரு மணி தெருவில் போனதே அவனுக்குத் தெரியவில்லை. நாலு வீட்டையும் முடித்து, கடைசியாகத் தன் வீட்டுக்கு வந்தான்.

அந்த இரும்புக் கட்டிலுக்கு இரண்டு ஆள் வேண்டும். நாற்பத்திரண்டு வீட்டிலும் மறுமுனையைப் பிடித்தவன் இவன், இவன் வீட்டில் மறுமுனை பிடிக்க ஆள் இல்லை. தனகோட்டி கடைசி லோடோடு விருத்தாசலம் போயிருந்தார், திரும்ப நேரமாகும். ஒரு ஓரத்தைத் தூக்கி, தரை கிறீச்சிட, இவனே இழுத்து வாசலில் போட்டான். மூச்சு வாங்கியது. துளசித் தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கேட்டோரம் வரிசை வைத்துவிட்டு, கையெழுத்துகள் வாங்கிய படிவத்தோடு ஆபீசுக்கு நடந்தான்.

கிளார்க் தலை நிமிராமல் கை நீட்டினார்.

“வா தம்பி. இது யார் வீடு?”

“எங்க வீடு சார்.”

அவர் நிமிர்ந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படிவத்தைப் புரட்டினார். கடைசி வரியில் விரல் நின்றது. காலி செய்த பின் முகவரி.

“இதைக் காலியா விட்டா வாங்க மாட்டேன்னு ஊருக்கெல்லாம் சொல்றவன் நீதானேப்பா?”

ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்த வரிதான். பேனாவை வைத்துக்கொண்டு நின்றான். சங்கரன்கோவில் முகவரியை எழுதினால் சுலபம். அப்பா முகத்தைப் பார்த்தபடி இன்னொரு லெட்டருக்காக அந்த வாசலில் நிற்கலாம். பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள். எழுதினான். பெயர் ஜெயகணேஷ். முகவரியில் ‘கேர் ஆஃப் இசக்கிமுத்து’ என்று எப்போதும் போடுவானே, அதைப் போடவில்லை. தனகோட்டி வண்டி ஷெட், பின்னறை, வடக்குத்து. கிளார்க் முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

“அடுத்த மாசம் முப்பதாந்தேதி என் மச்சான் ரிட்டயர்மென்ட். எங்க வந்து உன்னைப் பாக்குறது?”

“இதுலயே இருக்கு சார். ஆனா சும்மா செய்ய மாட்டேன். ரேட் பேசிக்கிட்டுத்தான் வருவேன்.”

சொன்னபோது காது சூடாகியது. கிளார்க் சிரித்து, ஒரு துண்டுத்தாளில் முகவரியை நகல் எடுத்துக்கொண்டார்.

இருட்டுவதற்குள் தனகோட்டி வந்து கட்டிலின் மறுமுனையைப் பிடித்தார். இருபத்தாறு தொட்டிகளையும் ஏற்றும்போது, “வூடு மாத்தறியா, நந்தவனம் மாத்தறியா?” என்று திட்டினார். வடக்குத்துப் பின்னறையில் ஒரு பல்பு, ஒரு ஜன்னல். கட்டிலைப் போட்டுவிட்டு அவர் சாப்பிடப் போனபின் அறை பழையபடி பேச்சற்றுப் போனது. இங்கேயும் தனிதான். ஆனால் இங்கே எதற்காகவும் கேட்டில் நிற்க வேண்டாம்.

எட்டு மணிக்குப் போன் அடித்தது.

“சாவியக் குடுத்தாச்சால?”

“குடுத்தாச்சுப்பா.”

அம்மா பின்னாலிருந்து ஏதோ சொல்வது கேட்டது. அப்பா, “இருடி, கேக்கேம்லா” என்று அவளை அதட்டினார்.

“எங்கல இருக்க இப்ப? அட்ரசைச் சொல்லு. மெதுவாச் சொல்லு, எழுதிக்கிடுதேன்.”

“எதுக்குப்பா அட்ரஸ்? போன்தான் இருக்கே.”

“ஏன், நான் உனக்கு ஒரு லெட்டர் போடக் கூடாதா?” என்றார் இசக்கிமுத்து. “சொல்லுல. பேனா எடுத்துட்டேன்.”