முப்பத்தொன்றுக்கு மறுநாள்

அன்று மழை பெய்ததா என்பதில் இப்போது சந்தேகம். ஜன்னல் ஈரமாக இருந்ததாக நினைவு; யாரோ துடைத்துவிட்டுப் போன ஈரமாகவும் இருக்கலாம். தேதி மட்டும் தப்பாது: முப்பத்தொன்றுக்கு மறுநாள், ஒன்றாம் தேதி.

ஆற்றின் இரு கரையிலும் இரண்டு நாடுகள். இந்தக் கரை அலுவலகத்தின் மாடியறையில் ஒரு தொலைபேசி. அதன் மறுமுனை அந்தக் கரையில். ஒற்றைப்படைத் தேதியில் இவர்கள் கூப்பிட வேண்டும், இரட்டைப்படையில் அவர்கள். காலை ஒன்பதுக்கு, "லைன் சரியா இருக்கு" என்று சொல்லி வைத்துவிட வேண்டும். ஆபரேட்டர் அம்மாளுக்கு ஒன்பது வருஷமாக இதுதான் வேலை. மறுமுனைக்காரியை ஒரு நாளும் பார்த்ததில்லை. அவளுடைய மூட்டுவலியும் மருமகளின் வாயும் மட்டும் இவளுக்கு அத்துப்படி.

இருபது வருஷத்துக்கு முன், இதே போல் ஒரு முப்பத்தொன்றாம் தேதி இவர்கள் கூப்பிட்டார்கள். மறுநாளும் ஒற்றைப்படை. 'நேற்று நாம்தானே கூப்பிட்டோம், இன்று அவர்கள் முறை' என்று இங்கிருந்த ஆபரேட்டர் காத்திருந்தார். விதிப்படி அங்கேயும் காத்திருந்தார்கள். அந்த மௌனத்துக்கு ஒவ்வொரு கரையும் தன் மனம்போல் அர்த்தம் சொல்லிக்கொண்டது. மூன்று நாள் சண்டை. பாலத்தில் பதினொரு பேர் செத்தார்கள். விசாரணை அறிக்கை நானூறு பக்கம் வந்தது. விதி மாறவில்லை. ஆகவே பின்னாளில் வேலைக்கு வந்த இந்தப் பெண்கள் இருவரும் தாங்களாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள்: முப்பத்தொன்றுக்கு மறுநாள் இருவருமே கூப்பிடுவது.

"ஒரே நேரத்துல அடிச்சா எங்கேஜ்டுன்னுல்ல வரும், அக்கா?"

"வரட்டுமே. நீயும் இருக்கே, நானும் இருக்கேன்னு தெரிஞ்சிடுமில்ல."

இந்த முறை பாலத்தின் தூணில் ஒரு சின்ன விரிசல். அதை வெளியே சொல்ல மேலிடத்துக்குக் கௌரவம் இடம் தரவில்லை. தார்ப்பாய் போர்த்திய வண்டிகளைப் பார்த்த அக்கரைப் பத்திரிகைகள் பீரங்கி என்று எழுதின. அக்கரை ராணுவம் துப்பாக்கிகளைப் பாலத்தின் பக்கம் திருப்பியது. இங்கே மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: அக்கரையோடு பேசவே கூடாது.

அந்த ஒன்றாம் தேதி காலை, உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு மேலதிகாரி மாடியறையில் நின்றார். வாய் திறக்காதவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'பூட்டு'.

"சார், பத்தரைக்கு எங்க வீட்டுக்காரர் பாலத்துல பஸ் ஓட்டிட்டுப் போவார். நாப்பது பேர் உள்ளே இருப்பாங்க."

பூட்டு உத்தரவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோவிச்சுக்காதீங்க. ஊமைக்கோட்டான் மாதிரி நின்னா எப்படி?"

வெகுநேரம் அப்படியே நின்றார். அவளும் வற்புறுத்தாமல் விட்டுவிட்டாள். அவருடைய மௌனங்களில் சில சாத்திய கதவு, சில அடுப்பில் வைத்த தண்ணீர் என்பது அவளுக்குத் தெரியும்.

"அன்னிக்குக் காத்திருந்த ஆபரேட்டர் நான்தாம்மா" என்றார் கடைசியில்.

அறிக்கையில் பெயர் இல்லாததால் அவளுக்கு அதுவரை தெரியாது. தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். உட்கார்ந்தார். எண்களைச் சுழற்றினார்.

"எங்கேஜ்டு!" என்றார், பரீட்சையில் தேறிய பிள்ளை போல. வைத்த கையோடு மணி அடித்தது. எடுத்தார்.

"யாரது, ஆம்பளைக் குரல்? என் தங்கச்சி எங்கே?"

"பக்கத்துலதான் நல்லா இருக்காங்க. எழுதிக்குங்கம்மா. மூடி வச்சிருக்கிறது கிரேன். தூணைச் சரிபண்ண வந்தது. பத்து மணிக்குத் தார்ப்பாயை எடுக்கச் சொல்றேன், நீங்களே பாருங்க."

பேனா கீறும் சத்தம்.

"இதைப் போன வாரமே சொல்லியிருந்தா நான் தூங்கியிருப்பேனே, ஐயா!"

"எனக்கு வாய் திறக்க இருபது வருஷம் ஆச்சும்மா."

பத்தரை மணி பஸ் ஏழு நிமிஷம் தாமதமாக அக்கரை சேர்ந்தது. உத்தரவை மீறியதற்காகப் பூட்டைப் பதிவேட்டுப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கிருந்தே ஓய்வு பெற்றார். ஆபரேட்டர் அம்மாளுக்கு ஒரு மெமோ வந்தது. பதில் எழுதிவிட்டு வேலையில் தொடர்ந்தாள். அவள் வீட்டுக்காரர் இன்னும் பஸ் ஓட்டுகிறார். அக்கரை அக்கா இரண்டு வருஷம் கழித்து மகளோடு வேறு ஊருக்குக் குடிபோனாள். இருவரும் கடைசிவரை நேரில் பார்த்துக்கொள்ளவில்லை.