மேகம் என்று எழுதிய காகிதம்

குழாய் மாற்ற வருகிறவனுக்குத் தேநீர் கிடைக்கும். அவனுக்கு வழி செய்யக் கூரையை அறுக்கிற எனக்கு முறைப்புதான் கிடைக்கும். இருபத்தாறு வருடமாகப் பார்க்கிறேன்.

அந்த ஜூன் மாதம் கித்தாக்கியூஷூ நகரில் ஒரு பழைய அடுக்குமாடியில் வேலை. அந்தக் காலத்துக் கட்டடங்களில் மாடி வீட்டுக் கழிவுக் குழாய் கீழ்வீட்டின் உட்கூரைக்குள்தான் ஓடும். மாடிக்காரனுக்குப் புதுக் குழாய் வேண்டுமென்றால் கீழ்வீட்டுக்காரர் தன் கூரையை அறுக்க விட வேண்டும். எந்தப் புண்ணியவானின் யோசனையோ!

203ஆம் வீட்டில் கஜிவாரா ஹட்சுயே அம்மா தனியாக இருந்தார். எழுபத்தொரு வயது. கணவர் தட்சுவோ மூன்று மாதமாக நுரையீரல் நோயோடு ஆஸ்பத்திரியில். சமையலறை மூலையில், சுவரின் உயரத்தில் சாமிப் பலகை, சின்ன மரக்கோயில் வைத்துக் கும்பிடுவது. அதற்கு நேர் மேலே, கூரையில், தூரிகையால் 'மேகம்' என்று எழுதி ஒட்டிய காகிதம். தலைக்கு மேல் இன்னொரு வீடு இருக்கிறவர்கள் எல்லோரும் ஒட்டுவதுதான். உன் மேல் யாரும் நடக்கவில்லை, வெறும் ஆகாயம்தான் என்று சாமிக்குச் சொல்கிற சமாதானம். நான் அறுக்க வேண்டிய சதுரம் சரியாக அங்கேதான் விழுந்தது.

"கிழியாம எடுங்க தம்பி. அவர் கையெழுத்து. வீட்டுக்கு வந்ததும் மொதல்ல அதத்தான் பாப்பார்."

"எப்பம்மா வர்றார்?"

"தெனமும் தண்ணி மாத்தி வச்சு அது ஒண்ணத்தானே கேக்குறேன். குடுக்காம சாமி எங்க போயிரும்?"

ஈரத்துணியால் ஒற்றி ஒற்றிக் காகிதத்தை உரித்துக் கொடுத்தேன். பலகையின் மேல் துணி போர்த்திவிட்டு அறுத்தேன். பக்கத்து ஏணியில் ஏறிய ஒனிசூகா, எங்கள் குழாய்க்காரன், விளக்கடித்துப் பார்த்தான். வாய் அடங்காத பயல்.

"அண்ணே, இது கக்கூஸ் லைனு! சாமி தலைக்கு மேலயே..."

முழங்கையால் ஒரு குத்து விட்டேன்.

"என்ன தம்பி இருக்கு அங்க?" என்றார் அம்மா கீழிருந்து.

"ஒண்ணுமில்லம்மா. வயரு, தூசி."

ஒன்பது மணியிலிருந்து நாலு மணிவரை தண்ணீர் விடாதீர்கள் என்று மாடி வீட்டுக்கு மூன்று முறை சீட்டு போட்டிருந்தோம். மூன்றையும் படிக்காத மகராசன் அப்போது பார்த்துக் கக்கூஸ் தண்ணீரை இழுத்துவிட்டான். திறந்த சதுரத்துக்குள் தடதடவென்று சத்தம் வந்து, எங்கள் முகத்துக்கு முன்னால் ஓடி, மூலையில் இறங்கியது. நல்லவேளை, ஒனிசூகா இன்னும் குழாயில் கை வைக்கவில்லை.

அம்மா காகிதத்தைப் பிடித்தபடி நின்றார்.

"இந்தச் சத்தமா? காலையில நான் கை தட்டிக் கும்பிடுறப்ப கேக்குமே. மழைத்தண்ணி எறங்குதுன்னு அவர் சொல்வார்." கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து, "முப்பத்தாறு வருஷம், தம்பி" என்றார்.

ஒனிசூகா விளக்கை அணைத்தான்.

"புதுக் குழாய் எந்தப் பக்கம் போகும்?" என்று அம்மா கேட்டார்.

"அதே வழிதாம்மா. தண்ணி எறங்க வாட்டம் வேணும்ல."

அவர் திட்டவில்லை. மதியம் எங்கள் இருவருக்கும் வாற்கோதுமைத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் தேநீர், அதைக் குடிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, "அவர்கிட்ட சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

ஒன்பது நாள் கழித்து, அறுத்த சதுரத்துக்கு மூடி பொருத்தப் போனேன். சாமிப் பலகையின் முகப்பை வெள்ளைக் காகிதம் ஒட்டி மூடியிருந்தார்கள். வீட்டில் சாவு விழுந்தால்தான் அப்படி மூடுவோம். தலை குனிந்து வணங்கிவிட்டு ஏணியை விரித்தேன். நான் அறுத்ததால் தட்சுவோ சாகவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மூடியின் விளிம்பை இரண்டு முறை அளந்தேன்.

மூடியைப் பொருத்தி முடித்ததும், செய்தித்தாளுக்குள் மடங்காமல் வைத்திருந்த காகிதத்தை அம்மா எடுத்துவந்தார்.

"இத ஒட்டிருங்க."

"சாமிய மூடியிருக்கேம்மா. இப்பவேவா?"

"சாமிக்கில்ல. அவர் இப்ப மேலதானே இருக்கார்."

நான்கு மூலையிலும் பசை தொட்டு ஒட்டி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன். அப்போது மாடியில் யாரோ தண்ணீரை இழுத்தார்கள். புதுக் குழாய்க்கு ஒனிசூகா கனமாக உறை சுற்றியிருந்தான். சத்தம் இல்லை. என் உள்ளங்கையில் மட்டும் லேசாக அதிர்ந்தது.

அம்மா கீழே அண்ணாந்து நின்றிருந்தார்.

"ஏதாச்சும் ஓடுதா தம்பி?"

"இல்லம்மா" என்றேன். அதிர்வு நிற்கும்வரை கையை எடுக்கவில்லை.