அரைப்பெட்டி உப்பு

"அம்மா, உன் முதுகுலேர்ந்து எடுத்தத எங்கன கொண்டு போவாங்க?" என்று தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் பிரேமா கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. குப்பைக்கு என்றார் நர்ஸ். அது ஆறுமுகநேரி உப்பள முதலாளி லிங்கராஜின் முதுகுக்குப் போனது. கூடவே பிரேமாவின் அம்மா சீனித்தாயின் சுமையும் போனது.

லிங்கராஜ் தம் ஆயுளில் தங்கக் காப்பைவிடக் கனமான எதையும் தூக்கியவர் அல்ல. தேர்தல்தோறும் பெரிய மனிதர்களின் காலில் விழுந்து எழுந்ததில் அவர் டிஸ்க் நசுங்கியது. அவர் அளத்திலேயே சுமந்து டிஸ்க் பிதுங்கிய சீனித்தாயிடமிருந்து வெட்டியெடுத்த துணுக்கின் செல்களை, டாக்டர்கள் வலைபோன்ற சிறு சட்டத்தில் வளர்த்து, புது டிஸ்க்காக்கி அவருக்குப் பொருத்தினார்கள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. பத்திரிகையில் வந்த படத்திலும் அவள் இல்லை.

அவள் வேலைக்குத் திரும்பிய காலையில், தலையில் ஏற்றிய உப்புப்பெட்டி பூக்கூடைபோலக் கனமற்றிருந்தது. அதே நேரம் ஏசி அறையில் லிங்கராஜின் முதுகில் பாரம் ஏறியது. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. பில் மட்டும் வந்தது. காரணம் புரிந்ததும் அவளை வேலையை விட்டு நிறுத்தினார். அவள் பக்கத்து அளத்துக்குப் போனாள். அங்கே பெட்டி பெரிது. சாயங்காலமே ஆள்விட்டுத் திரும்ப அழைத்தார். ஊர் ஒரு மாதம் சிரித்தது.

"ஏளா சீனித்தாயி, மொதலாளி அண்ணாச்சி மந்திரி கூட்டத்துல மாலையோட நிக்காராம். குவிச்சு தூக்குளா, குப்புற விழட்டும்!" என்றான் லாரியில் உப்பேற்றும் ஜேசுபாதம்.

"போலே. முதுகு வலின்னா என்னன்னு எனக்குத் தெரியும்லா."

அன்றுமுதல் அவள் அரைப்பெட்டிதான் நிரப்பினாள். அவரவர் குவித்த உப்புக்குத்தான் கூலி. பிரேமாவின் பள்ளிக்கூடச் செருப்பு தள்ளிப்போனது. இப்படிப்பட்டவரைக் கடவுள் எதற்குப் படைத்தார் என்று கேட்க எங்களுக்கெல்லாம் வாய் இருந்தது. அவள் கேட்கவில்லை.

பாரம் பாதியானதை லிங்கராஜின் முதுகு அறிந்தது. மறுபாதி எங்கே போனதென்று யோசிக்க அவருக்குச் சில மாதங்கள் பிடித்தன. அந்தப் பழக்கம் அவருக்கு இருந்ததில்லை.

ஒரு மத்தியானம், பெண்கள் வீடு திரும்பியபின், காவல்காரரும் சாப்பிடப் போயிருந்தபோது, அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்தியில் இறங்கினார். மந்திரி போர்த்திய பொன்னாடையைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, அவள் விட்டுவைத்த உப்பை அவள் குவியலில் கொண்டுபோய்க் கொட்டினார். கால்தடங்களை உப்புத்தண்ணீர் மூடிக்கொண்டது.

மறுநாள் தன் குவியல் மற்றவர்களுடையதற்குச் சமமாக நிற்பதைப் பார்த்த சீனித்தாய், நல்ல வெயிலுக்கு உப்பு வளரும்தானே என்று எண்ணிக்கொண்டு, பெட்டியைப் பாதி நிரப்பினாள்.